பெற்றவர்களுக்கும் பாடம் உண்டு

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அறிவுரை சொல்லாத உறவினர் இல்லை. செய்வினை என்றார்கள், மந்திரிக்கச் சொன்னார்கள், கடைசியில் "ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். வீட்டில் அவனோடு எப்படிப் பேசுவது, மாத்திரையைத் துப்பினால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதையெல்லாம் மாதந்தோறும் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில்தான் கற்றேன். இன்று அதே கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

வாதாடாதீர்கள்

"பக்கத்து வீட்டுல என்னைப் பத்திப் பேசுறாங்க" என்பான். இல்லை என்று நிரூபிக்கப் போனால் நம்மையும் எதிரிகளோடு சேர்த்துவிடுவான். ஆமாம் போடவும் கூடாது. "எனக்குக் கேக்கலைப்பா. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. வா, கொஞ்ச நேரம் கூட உக்காந்திருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். தன் மகளுக்கும் இதே நோய் உள்ள ஒரு தகப்பனார் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

குத்திப் பேசாதீர்கள்

குளிக்காமல் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் சோம்பேறித்தனம் அல்ல, நோயின் அறிகுறி. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950களில் தொடங்கிய ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய பொத்திவளர்ப்பும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம். உடனே "அப்போ நோய் எங்களாலதான் வந்துச்சா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் அது திரும்பாமல் தடுப்பதில் நம் பேச்சுக்கும் பங்குண்டு.

மாத்திரை விஷயம்

சோற்றில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். ஒருநாள் தெரிந்துபோனால், பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகளுக்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு நோட்டுப் போடுங்கள். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, புதிதாகத் தென்படும் நடத்தை என்று தினம் நாலு வரி போதும். என் மகனுக்கு நோய் முற்றும் முன் முதலில் கெடுவது தூக்கம். நோட்டைப் புரட்டியபோதுதான் அது பிடிபட்டது. டாக்டருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த நோட்டு நம்மைவிடத் தெளிவாகப் பேசும்.

கல்யாணம் மருந்தல்ல

நோயை மறைத்துக் கட்டிவைத்தால் இரண்டு குடும்பங்கள் அழும். சம்பந்தப்பட்ட இருவருக்கும் எல்லாம் தெரிந்து, சிகிச்சையும் தொடர்ந்தால் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

காகிதங்களைச் சேருங்கள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் உண்டு. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். நீங்கள் அரசு ஊழியராக இருந்தால், உங்களுக்குப் பின் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே அலுவலகத்தில் விசாரியுங்கள். "எனக்கப்புறம் யாரு?" என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தக் காகிதங்களில் இருக்கிறது.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரமடித்து நோயாளிகளோடு தங்கவைத்து, நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பத்தினருக்கு வழிகாட்டிவருகிறது. ஆனால் சிற்றூர்களில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் இன்னும் எட்டாத தூரம்தான்.

அவசரத்துக்கு 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, பெற்றோர் கூட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓ.பி. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். இரண்டு குடும்பங்கள் சேர்ந்தாலே அது கூட்டம்தான்.