ஒரே அறை, ஒரே டீச்சர்

கேள்வி: ஆசிரியர் பயிற்சி முடித்த என் மகள், ஒதுக்குப்புறமான ஓராசிரியர் பள்ளிக்குப் போகிறாள். ஒரே ஆள் எல்லா வகுப்பையும் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு தாய், சித்தூர்

பதில்: வழி மதனப்பள்ளிப் பக்கமே இருக்கிறது, அம்மா. ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டாரக் குக்கிராமங்களில் இப்படிப்பட்ட பள்ளிகளைத்தான் வளர்த்தெடுத்தது. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல அடுக்கியிருக்கிறார்கள். குழந்தை தன் படியைப் பார்த்துத் தானே அட்டையை எடுக்கும். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஆசிரியர், புதிதாகக் கற்கும் குழுவோடு தரையில் உட்கார்ந்திருப்பார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு வித்து இங்கிருந்துதான் போனது. பாடத்தைவிட உங்கள் மகளுக்குத் தனிமைதான் கடினம். மாலையில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள். முதல் மாதம் நீங்களும் அடிக்கடி போன் செய்யுங்கள்.