அரண்மனைக்காரத் தெருவில் ஒரு பாடம்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 22 சென்னை தினமாகக் கொண்டாடப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இங்கு இடம் பெற்றதை நினைவுகூரும் இந்த நாளையொட்டி, 2004 முதல் ஆர்வலர்கள் மரபு நடை, சொற்பொழிவு, கண்காட்சி என நகரெங்கும் நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். பள்ளிகளும் பங்கேற்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் ஏழாம் வகுப்பில் கொண்டாடினேன். "வேற்றுமையில் ஒற்றுமை" என்ற தலைப்பில் மாறுவேடப் போட்டி வைத்தேன்.

ஒடிசாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி வகுப்பில் இருந்தாள். பெற்றோர் கட்டடத் தொழிலாளர்கள். "நீ ஒடிசா உடையில் வா" என்றேன். அன்று அவள் பள்ளிக்கே வரவில்லை. மறுநாள் கேட்டபோது, "அந்த மாதிரி டிரஸ் எங்க வீட்டில் இல்ல மிஸ்" என்றாள். அவளைச் சேர்த்துக்கொள்வதாக நினைத்து, அவளை ஒரு காட்சிப் பொருளாக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு அதே மாணவர்கள் எட்டாம் வகுப்புக்கு வந்தார்கள். இம்முறை வேடம் வேண்டாம் என்று முடிவு செய்து, எல்லாருக்கும் மூன்று கேள்விகள் கொடுத்தேன். உங்கள் குடும்பத்தில் முதலில் சென்னைக்கு வந்தவர் யார்? எங்கிருந்து, எதற்காக வந்தார்? உங்கள் வீட்டில் மட்டும் பேசும் ஒரு சொல் எது?

32 பேரில், மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருக்கும் குடும்பம் நான்குதான். மற்றவர்கள் விழுப்புரம், இராமநாதபுரம், நெல்லூர் என்று பல ஊர்களைச் சொன்னார்கள். ஒரு மாணவன் தன் வீட்டில் தெலுங்கு பேசுவதை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னான். "வந்தவர்கள்" என்று யாரும் தனியாக இல்லை. ஏறக்குறைய எல்லாருமே வந்தவர்கள்தான் என்பதைக் குழந்தைகளே கண்டுகொண்டார்கள்.

பிறகு, தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்று ஜார்ஜ் டவுனுக்கு ஒரு நடை போனோம். அரண்மனைக்காரத் தெருவில் நுழைந்ததும் முதல் கேள்வி வந்தது. "அரண்மனை எங்கே மிஸ்?"

அரண்மனை எதுவும் கிடையாது. இங்கு வணிகம் செய்த ஆர்மீனியர்களின் பெயர்தான் நம் மக்கள் நாவில் "அரண்மனைக்காரர்" ஆகிவிட்டது. அவர்களுடைய தேவாலயம் 1712-இல் கட்டப்பட்டு, 1772-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான "அஸ்தரார்" 1794-இல் அச்சானதும் இந்தச் சென்னையில்தான். தாய்நாட்டில் அல்ல, பிழைக்க வந்த ஊரில் அவர்கள் மொழிக்கு ஓர் இதழ் கிடைத்தது.

இதைச் சொல்லி முடித்தபோது, அந்த மாணவி மெல்ல என் அருகில் வந்தாள். "என் பேரையும் நீங்க அப்படித்தான் மிஸ் மாத்திச் சொல்றீங்க" என்றாள். ஒடியாவில் நாம் "அ" என்று படிக்கும் பல இடங்களில் "ஒ" போன்ற ஒலி வரும். வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தபடி ஓராண்டுக்கும் மேலாக நான் அழைத்த பெயர், அவள் அம்மா அழைக்கும் பெயர் அல்ல. அந்தத் தெருவிலேயே நின்று அவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. மற்ற பிள்ளைகளும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் திருத்தினாள். வகுப்பில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வகுப்புக்குத் திரும்பியபின் இரண்டு செய்திகளைப் பேசினோம். திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டு கிடைக்கும்படி அது அமைந்துள்ளது. அதே பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுபவர்களில், மயிலாப்பூரின் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துத் தன்னார்வலர்களும் உண்டு. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய அமைப்பு அது. "வந்தவங்களே சாப்பாடு போடுறாங்களா?" என்று ஒரு மாணவன் வியந்தான். இதைவிட நல்ல தொகுப்புரை எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு, என் அனுபவத்திலிருந்து மூன்று குறிப்புகள்:

1. கேள்விகளை வெளிமாநில மாணவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். எல்லாரிடமும் கேளுங்கள், நீங்களும் பதில் சொல்லுங்கள்.

2. சொல்ல விரும்பாத குழந்தையை வற்புறுத்த வேண்டாம். சில குடும்பங்கள் ஊரைவிட்டு வந்ததற்கு வலி தரும் காரணம் இருக்கலாம்.

3. உங்கள் ஊர் சென்னையாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊரிலும் ஒரு தெருப் பெயர், ஒரு பழைய கடை, ஒரு வழிபாட்டு இடம் இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

விழா ஒரு நாளில் முடிந்துவிடும். வருகைப் பதிவேடு நாள்தோறும் திறக்கப்படுகிறது. இப்போதெல்லாம் கல்வியாண்டின் முதல் நாளில் ஒவ்வொரு குழந்தையிடமும் நான் கேட்பது இதுதான்: "உன்னை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாங்க? ஒரு தடவை சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன்."