துபாய் நாலு மணி நேரம், மீனம்பாக்கம்?

பிள்ளையைப் பார்க்க முதல் தடவையாக ஃபிளைட் ஏறப்போகும் பொதட்டூர்பேட்டைப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்.

1. தூரம் பார்க்கச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நம்பாதீர்கள். பேரனின் உலக உருண்டையை எடுங்கள். நூலுக்கு நம் ஊரில் பஞ்சமா? நடுவில் ஓடும் பூமத்திய ரேகை மேல் ஒரு சுற்று சுற்றி வெட்டினால், அந்த நூல் 40,000 கி.மீ. அதை நான்கு முறை பாதி பாதியாக மடித்து, மடிப்புதோறும் பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி 2,500 கி.மீ. நூலின் முனையைச் சென்னையில் வைத்து, தொய்யாமல் இழுத்துப் பிடியுங்கள். துபாய், சிங்கப்பூர் இரண்டுமே முதல் புள்ளியைச் சற்றுத் தாண்டும்: சுமார் 2,900 கி.மீ. லண்டன் மூன்று புள்ளிக்கும் அப்பால், சுமார் 8,200.

2. கி.மீ.யை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் பறக்கும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். துபாய்க்கு நாலு மணிக்குச் சற்று மேல், லண்டனுக்குப் பத்தே முக்கால்.

3. துபாய் போவதைவிட வருவதற்கு நேரம் குறைவாகப் போட்டிருந்தால் அச்சுப்பிழை அல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும்.

4. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். காலை 4 மணிக்குச் சென்னையில் ஏறி 6.45க்குத் துபாயில் இறங்கினால், பயணம் 2.45 அல்ல, 4.15 மணி நேரம்.

5. லண்டனுக்குத் துபாய் வழியாகப் போனால் தூரம் 200 கி.மீ. போலத்தான் கூடும். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பது. விலை மலிவு என்று பிள்ளைகள் எட்டு மணி நேரக் காத்திருப்போடு எடுப்பார்கள்; முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. பலர் கோட்டை விடுவது இங்கேதான். டிக்கெட்டில் '15ஆம் தேதி 00.40' என்றிருந்தால் 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். காலண்டரில் 14ஐ வட்டமிடுங்கள்.

7. திருத்தணி, திருவள்ளூர், பூந்தமல்லி வழியாக மீனம்பாக்கம் சுமார் 100 கி.மீ. காருக்கு மூன்று மணி, விமான நிலையத்தில் மூன்று மணி என்று வைத்தால், அந்த 00.40 ஃபிளைட்டுக்கு 6.30க்கே படி இறங்க வேண்டும். துபாய் போகும் நேரத்தைவிட இது அதிகம்! ஆடிக் கிருத்திகை நாளென்றால் திருத்தணிக்காக இன்னும் ஒரு மணி சேருங்கள்.

8. பெட்டி ஒன்றுதான் என்றால் திருத்தணியில் மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் மெட்ரோ மாறலாம். நேரே விமான நிலையத்தில் இறக்கிவிடும். எப்படிப் போனாலும், ஃபிளைட் கிளம்பக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.