அரளியும் குதிரையும்

மெரினா கடற்கரையில் சவாரிக் குதிரைகளைக் காணும்போது அவற்றுக்கு ஏதேனும் ஊட்ட நமக்கு ஆசை எழுகிறது. ஆனால், நம் தோட்டத்துச் செவ்வரளி குதிரைக்கு எமன் என்பதை அறிவோமா?

செவ்வரளியின் வேர் முதல் பூ வரை அனைத்தும் நஞ்சு. அது இதயத் துடிப்பைக் குலைக்கும். 10 முதல் 20 இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதும். குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது. பச்சை இலை கசப்பதால் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். காய்ந்த இலை புல்லோடு கலந்திருந்தால் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை.

ஆகவே, வெட்டிய அரளிக் கிளைகளை வேலிக்கு வெளியே எறியாமல் குழியில் புதைப்போம். குதிரைக்காரரைக் கேளாமல் எதையும் ஊட்டாதிருப்போம். குதிரை அரளியைத் தின்றதாக ஐயம் எழுந்தால், உடனே கால்நடை மருத்துவரை அழைக்கச் செய்வோம். வாயில்லா ஜீவன்களிடம் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.