தீர்த்தன் ஆற்றுக்குக் கேமராவுடன் புறப்படுமுன்

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் பிறந்து, லார்ஜி அருகே பியாஸ் நதியில் கலக்கும் சிற்றாறு தீர்த்தன். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பெரிய இமாலய தேசியப் பூங்காவிலிருந்து அது இறங்கி வருகிறது. ஆங்கிலேயர் காலத்தில் குல்லுப் பகுதி ஆறுகளில் விடப்பட்ட பழுப்பு டிரவுட் மீன்கள் அதன் குளிர்ந்த நீரில் இன்றும் வாழ்கின்றன. அவற்றைத் தூண்டிலிட்டுப் பிடித்து, படமெடுத்துவிட்டு, மீண்டும் ஆற்றிலேயே விடுவதற்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே செல்கின்றனர். மாநில மீன்வளத் துறையின் உரிமம் பெறுவது கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் பிடிக்கத் தடை உண்டு. மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும். எனவே கோடையும், மழை ஓய்ந்தபின் வரும் சில வாரங்களுமே நமக்கு உகந்தவை.

பயணத்துக்கு ஆயத்தமாகும்போது நாம் பெரும்பாலும் எந்த லென்ஸை வாங்குவது என்றே யோசிக்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மீன் கைக்கு வந்தபின் படமெடுக்க நமக்கு எத்தனை நொடி ஆகிறது? 1992இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், ஓடிக் களைத்த வானவில் டிரவுட் மீன்களை நீரிலேயே விட்டபோது 100க்கு 88 பிழைத்தன. 30 நொடி காற்றில் வைத்திருந்தவற்றில் 62 விழுக்காடும், 60 நொடி வைத்திருந்தவற்றில் 28 விழுக்காடும் மட்டுமே அடுத்த 12 மணி நேரம் உயிரோடிருந்தன. நீருக்கு வெளியே மீனின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அது மூச்சுத் திணறுகிறது. நீந்திச் சென்றுவிட்டது என்று நாம் மகிழும் மீன் சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்கெட்டாத இடத்தில் இறக்கக்கூடும். ‘இன்னும் ஒரு படம்’ என்பதன் விலை அது.

ஆகவே பயிற்சியை வீட்டிலேயே தொடங்குவோம். ஒரு வாளித் தண்ணீரில் நீளமான வெள்ளரிக்காய் ஒன்றைப் போட்டு, ஒருவர் நனைந்த கையால் அதைத் தூக்க, மற்றவர் படமெடுக்க வேண்டும். மூன்றாமவர் உரக்க எண்ணலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஐந்து எண்ணுவதற்குள் காய் தண்ணீருக்குத் திரும்பும்வரை இதைச் செய்துபார்ப்பது நல்லது. ஆற்றங்கரையில் முறை இதுதான்: மீனைக் கைவலையோடு நீருக்குள்ளேயே வைத்திருப்பது, எதிர்முள் இல்லாத தூண்டிலைக் கழற்றுவது, கேமராவின் அமைப்புகள் அனைத்தையும் முன்கூட்டியே சரிசெய்வது, ‘தயார்’ என்று படமெடுப்பவர் சொன்ன பிறகே மீனை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்துவது. நழுவினாலும் அது பாறையில் விழாமல் நீரிலேயே விழும். உலர்ந்த கை மீனின் மேல் உள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, கையிலுள்ள மீனுக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் போதும். துள்ளும் மீனுக்கு 1/1000 நொடியாவது வேண்டும். வெண்ணுரை பொங்கும் ஆற்றில் கேமராவின் தானியங்கி அளவீடு எளிதில் ஏமாறும். முதல் படத்தைப் பார்த்து ஒளியளவைக் கூட்டவோ குறைக்கவோ அந்தப் பொத்தானைக் கண்ணால் தேடாமல் விரலால் அறிந்திருக்க வேண்டும். தொப்பியின் நிழல் முகத்தை இருட்டாக்கும். சிறிதளவு ஃபிளாஷ் அதைத் தீர்க்கும். பழுப்பு டிரவுட்டின் சிவப்புப் புள்ளிகளுக்கு உச்சி வெயிலைவிட மரநிழலே அழகு.

ஒரே ஒரு துணைக்கருவி வாங்க இயலுமென்றால் அது போலரைசர் வடிகட்டியாக இருக்கட்டும். நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் நோக்கி அதைத் திருப்பினால் நீரின் மினுமினுப்பு மறைந்து, அடியிலுள்ள கூழாங்கற்களும் மீனும் தெரியும். ஒளியில் பாதிக்கு மேல் அது விழுங்கிவிடுவதால், மாலை மங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

குளிர் பேட்டரியின் பகைவன். மலைக் காலைகளில் அதன் திறன் விரைவில் குறைவதுபோலத் தோன்றும். சட்டையின் உட்பையில் உடற்சூட்டில் வைத்தால் பெருமளவு மீளும். மலைக் கிராமங்களில் மின்சாரம் தடைபடுவது இயல்பு என்பதால் மூன்று பேட்டரிகளும் ஒரு பவர் பேங்கும் கொண்டுசெல்வது விவேகம். விமானத்தில் உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் எடுத்துச் செல்லலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி என்பதால் 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும்.

வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பையில் இட்டு மூடிவிட வேண்டும். ஈரம் பையின் மேல் படியும். லென்ஸின் மேல் படியாது. அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம். ஆற்றில் இறங்கும்போது ஜிப் பையை நம்பலாகாது; வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையே தேவை. கேமரா நீரில் விழுந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டும். வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்ப்பதுதான் பல கருவிகளின் கடைசி இயக்கமாகிறது.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். வீட்டுக் காப்பீடு வீட்டுக்கு வெளியே நேரும் இழப்பை ஏற்கும் என்று கருதிவிடாமல், ஆவணத்தின் விதிவிலக்குப் பகுதியைப் படிப்போம். கருவிகளின் வரிசை எண்களையும் ரசீதுகளையும் படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்து வைப்போம். அலைபேசிச் சமிக்ஞை எட்டாத இடங்களில் கியூஆர் குறியீடு பயன்படாது. கைச்செலவுக்குச் சிறு நோட்டுகளாகப் பணம் இருக்கட்டும்.

டிரோன் கொண்டுசெல்ல விரும்புவோர் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பூங்கா நிர்வாகத்தின் விதிகளையும் முன்பே பார்க்க வேண்டும். படங்களைப் பகிருமுன் அவற்றில் பதிந்துள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுவது ஆற்றுக்கு நல்லது. எந்த மடுவில் பெரிய மீன் இருக்கிறது என்பது உலகம் முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை.