கண்காணி முதல் கண்காணிப்புக் கருவி வரை: அரசின் பார்வையும் குடிமக்களின் அந்தரங்க உரிமையும் (செம்பாக்கத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

'கண்காணி' என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் பொறுப்பில் இருப்போரை மேற்பார்வை செய்வதைக் குறித்தது. பிற்காலத்தில் அது உழைப்போரின் மீதான காவலையும், இன்று குடிமக்கள் அனைவரின் மீதான அரசின் பார்வையையும் சுட்டும் சொல்லாக மாறியுள்ளது. இம்மாற்றத்தைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், குற்றப் பரம்பரைச் சட்டம், அந்தரங்க உரிமை குறித்த நீதிமன்றத் தீர்ப்புகள், சென்னைத் தென்புறநகரின் இன்றைய நிலை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்காணி, ஒற்றாடல், அந்தரங்க உரிமை, முக அடையாளமறிதல், குற்றப் பரம்பரைச் சட்டம், செம்பாக்கம்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரம் - வேளச்சேரி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள செம்பாக்கம், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து உருவான இம்மாநகராட்சி 70 வார்டுகளைக் கொண்டது. 2022 சனவரி முதல் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகமாகவும் செயல்பட்டு வருகிறது. ஊராக இருந்த இடம் நகரமாகும்போது அதன் பார்வைமுறையும் மாறுகிறது. திண்ணையில் அமர்ந்தவர் தெருவைப் பார்த்த காலத்தில் பார்ப்பவரையும் தெரு பார்த்தது. இன்று கம்பத்தில் உள்ள படக்கருவி பார்க்கிறது. அதன் மறுமுனையில் இருப்பவர் யார் என்பது தெருவுக்குத் தெரிவதில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சொல்லின் வரலாறு

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்போர் இடம்பெறுகின்றனர். கோயில் நிர்வாகம் முறையாக நடைபெறுகிறதா என்று மேற்பார்வை செய்தல் இவர்களது பணி. அறக்கொடையாக வந்த பொன்னையும் நெல்லையும் நிலத்தையும் கையாண்டோர் இவர்களது பார்வைக்கு உட்பட்டனர். ஆக, இச்சொல்லின் பழைய ஆட்சியில் பார்வை அதிகாரத்தை நோக்கியதாக இருந்தமை அறியத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலேயா தோட்டங்களுக்குத் தமிழர் தொழிலாளராகச் சென்றபோது இதே சொல் 'கங்காணி' என வழங்கிற்று. ஆள் சேர்ப்பவரும், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி வைப்பவரும், வேலையிடத்தில் மேல்நின்று பார்ப்பவரும் அவரே. பார்வையின் திசை இங்குத் தலைகீழானது. பொறுப்பில் இருப்பவரைப் பார்த்த சொல், பொறுப்பற்ற ஏழையைப் பார்க்கும் சொல்லாயிற்று. இன்றைய 'கண்காணிப்பு' இவ்விரண்டாம் பொருளின் நீட்சியாகும்.

ஒற்றாடலில் அளவும் சோதனையும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல் அரசின் உளவறியும் கடமையை வெளிப்படையாக ஏற்கிறது. அதன் இரண்டாம் குறள் (582), எல்லோர்க்கும் நிகழ்வன எல்லாவற்றையும் எந்நாளும் அறிவது வேந்தன் தொழில் என்னும் கருத்தினது. மேலோட்டமாக நோக்கின் இது முழுமைக் கண்காணிப்புக்கு இசைவளிப்பதாகத் தோன்றும். ஆயினும் பரிமேலழகர் இங்கு 'எல்லார்' என்பதைப் பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று திறத்தார் என வரையறுத்துக் கொள்கிறார். அவர் உரையின்படி, அரசன் அறிய வேண்டுவது அரசியலோடு தொடர்புடையார் செயல்களையே அன்றி, குடிமக்கள் ஒவ்வொருவரின் வீட்டு நிகழ்ச்சியையும் அன்று எனக் கொள்ள இடமுண்டு.

ஒற்றரால் ஆராயப்பட வேண்டியோரை வரிசைப்படுத்தும் குறள் (584) அரசின் வினை செய்வோரையே முதலில் வைக்கிறது. அடுத்து அரசனின் சுற்றத்தாரையும், அதன்பின் பகைவரையும் சுட்டுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்பதும் (588), ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் மட்டுமே தெளிய வேண்டும் என்பதும் (589) இவ்வதிகாரத்தின் நெறிகள். கிடைத்த தகவல் உடனே உண்மையாகிவிடுவதில்லை என்னும் எச்சரிக்கை இவற்றில் உள்ளது.

இச்சோதனை தவறியதன் விளைவைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஒற்றைச் சிலம்பின் தோற்ற ஒப்புமையையும் ஒரு பொற்கொல்லன் சொல்லையும் மட்டும் கொண்டு கோவலன் கள்வன் எனத் தீர்மானிக்கப்பட்டான். அது தவறான பொருத்தத்தால் நேர்ந்த கொலை. முகங்களைப் பொறி ஒப்பிடும் இக்காலத்திற்கும் அப்பாடம் பொருந்தும்.

எனினும் திருக்குறளை அந்தரங்க உரிமையின் சாசனமாகக் காட்டுதல் பொருந்தாது. ஒற்றனை வெளிப்படையாகச் சிறப்பிக்கலாகாது என்று கூறும் குறள் (590) அரசின் மறைவைக் காக்கவே முனைகிறது. குடிமகனின் உரிமை என்னும் கருத்து அங்கில்லை. அங்குள்ளவை இலக்கின் அளவும் தகவலின் சோதனையுமே.

தனிமையைக் காக்கும் மரபு வேறோரிடத்தில் உள்ளது. அன்பின் ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. ஒருவரின் உள்ளத்து வாழ்வைப் பேசலாம், அவர் இன்னார் என்று அடையாளப்படுத்தலாகாது என்னும் இவ்வரையறை, தரவைப் பயன்படுத்தும்போது ஆளை மறைக்க வேண்டும் என்னும் இன்றைய கோட்பாட்டுக்கு அண்மையது. அதே அகமரபில் அம்பலும் அலரும் இற்செறிப்பும் பெண்ணின் மீதான ஊர்ப்பார்வையின் கொடுமையையும் பதிவு செய்துள்ளமை நோக்கத்தக்கது. பழங்காலத்தைக் கண்காணிப்பற்ற காலமாகக் கருத இடமில்லை.

ரேகைச் சட்டம்: கூட்டத்தின் மீதான ஐயம்

தமிழகத்தில் ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் அரசு பதிவு செய்து பின்தொடர்ந்த தெளிவான நிகழ்வு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் நடந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழிச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறந்த சாதியே ஐயத்திற்குக் காரணமாயிற்று. கைரேகை வைத்தல், காவல் நிலையத்தில் முன்னிற்றல், ஊர் விட்டுச் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெறுதல் ஆகியவை கட்டாயமாயின. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஒருவர் செய்த செயலுக்காக அன்றி, அவர் இன்ன கூட்டத்தினர் என்பதற்காகவே உடலின் அடையாளத்தை அரசு கேட்டபோது, அதனை மானக்கேடாக அம்மக்கள் உணர்ந்தனர். 'மறைக்க ஏதுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்' என்னும் வினாவுக்குப் பெருங்காமநல்லூர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை தந்துள்ளது. அங்கு எழுந்த சிக்கல், குற்றம் செய்யாதவரையும் குற்றவாளியாக முன்கூட்டிக் கருதும் சிக்கல்.

உடலளவுகளைப் பதியும் அதிகாரம் விடுதலைக்குப் பின்னும் விரிந்தே வந்துள்ளது. 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைரேகையுடன் கருவிழிப் பதிவு முதலியவற்றையும் சேர்த்து, அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது.

நீதிமன்றங்களில் உருவான உரிமை

கரக் சிங் வழக்கில் (1962) காவல்துறையினர் நள்ளிரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பதை உச்சநீதிமன்றம் நீக்கியது. ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. நீதிபதி சுப்பாராவின் மாறுபட்ட தீர்ப்பே அதனை ஏற்றது.

அவ்வுரிமை வளர்ந்த வழியில் செங்கல்பட்டுக்கு ஓர் இடமுண்டு. கொலை வழக்குகளில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முனைந்தது. சிறைத்துறை அதனைத் தடுக்க முயன்றது. இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994) என்னும் அவ்வழக்கில், நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, தனித்திருக்க விடப்படும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கியது என்றது. அதே வேளையில், அலுவலர்கள் தம் கடமை சார்ந்த செயல்களை மறைக்க அவ்வுரிமையைக் கேடயமாகக் கொள்ள இயலாது என்றும், வெளியீட்டை அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்றும் கூறியது. அந்தரங்கம் குடிமகனுக்கு, வெளிப்படைத்தன்மை அதிகாரத்துக்கு என்னும் பாகுபாடு இத்தீர்ப்பில் தெளிவாக உள்ளது. இது கல்வெட்டுக் 'கண்காணி' காட்டும் திசையோடு ஒத்தது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு குறித்த மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் (1996) உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு இன்றி ஒட்டுக்கேட்கலாகாது. ஆணைகள் மறுஆய்வுக் குழுவுக்குச் செல்ல வேண்டும். ஆனால் அக்குழுவில் இருப்போர் அரசுச் செயலாளர்களே. இரண்டு திங்களுக்கு ஒருமுறை கூடும் அக்குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளை ஆராய வேண்டியுள்ளது என நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. அத்தகைய ஆராய்வு பெயரளவினதாகவே இருக்க இயலும்.

2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். அதில் தலையிடும் அரசுக்குச் சட்டத்தின் இசைவு வேண்டும். நேரிய நோக்கம் வேண்டும். நோக்கத்திற்கேற்ற அளவு வேண்டும். சென்னை உயர்நீதிமன்றம் 2025 சூலையில் இதனை நடைமுறைப்படுத்தியது. ஊழல் வழக்கொன்றில் 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் நீக்கினார். குற்றத்தைக் கண்டறிதல் என்பது மட்டுமே பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்குச் சற்று முன்னர் தில்லி உயர்நீதிமன்றம் ஊழலைப் பொதுப் பாதுகாப்போடு இணைத்து வேறுபட்ட முடிவை எடுத்திருந்தமையால், இவ்வினா இன்னும் முடிந்துவிடவில்லை.

தெருவில் நிற்கும் முகம்

ஒட்டுக்கேட்பில் ஒருவர் பெயரிட்ட ஆணையேனும் உண்டு. தெருப் படக்கருவிக்கு அதுவும் இல்லை. சென்னைப் பெருநகரக் காவல்துறை 2017 முதல் 'மூன்றாவது கண்' என்னும் பெயரில் படக்கருவிகளைப் பரவலாக்கியது. குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர்களும் தம் செலவில் கருவிகளை வாங்கி நிறுவினர். 2020இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட உலக ஒப்பீடு, சதுர கிலோமீட்டருக்கு 657 கருவிகளுடன் சென்னைக்கு முதலிடம் தந்தது. எண்ணிக்கையின் துல்லியம் விவாதத்திற்குரியதாயினும் அடர்த்தி மறுக்க இயலாதது.

இக்கருவிகளால் பயனில்லை என்று கூறவியலாது. சங்கிலிப் பறிப்பு, விபத்து ஆகியவற்றில் அவை சான்றளிக்கின்றன. செம்பாக்கம் போன்ற புறநகரில், இரவுப் பணி முடிந்து தாம்பரம் நிலையத்தில் இறங்கி வீடு திரும்பும் பெண்ணுக்கு வெளிச்சமும் கருவியும் துணையாகத் தோன்றுவது இயல்பே. மக்களே விரும்பி ஏற்றதாலேயே இதன் மறுபக்கம் பேசப்படாமல் போகிறது.

தமிழ்நாடு காவல்துறை 2021இல் முக அடையாளமறி மென்பொருளை நடைமுறைப்படுத்தியது. ஐயத்திற்குரியவரின் படத்தை, காவல் பதிவுகளில் உள்ள படங்களோடு அது ஒப்பிடுகிறது. படக்கருவி நடந்ததைப் பதிவு செய்கிறது. இம்மென்பொருளோ நடந்தவர் யார் என்று கூறுகிறது. இரண்டும் இணைந்தால் தெருவில் பெயரின்றி நடக்கும் உரிமை மறைகிறது. ஒருவர் எந்த மருத்துவரிடம் சென்றார், எந்தக் கூட்டத்தில் நின்றார், யாருடன் நடந்தார் என்பன தொகுக்கத்தக்கவை ஆகின்றன. 2024 மே மாதத்தில் இம்முக அடையாள இணையதளத்தின் தரவுகள் திருடப்பட்ட செய்தி வெளியானது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் களவுபோனால் மாற்றுவதற்கு ஏதுமில்லை.

புட்டசாமி வழக்கின் முதல் நிபந்தனையே இங்கு நிறைவேறவில்லை. பொது இடத்தில் முகங்களை அடையாளம் காண்பதற்கென இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல், யாரை எங்கே தேடுவது என்னும் முடிவைக் காவலரின் விருப்பத்திற்கே விட்டமையால் தெற்கு வேல்ஸ் காவல்துறையின் முக அடையாளமறிதல் சட்டப்படியானதன்று எனத் தீர்ப்பளித்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

திசை மாற்றத்தின் உச்சம்

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையைச் சீர்செய்யும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆயின் அதன் 17(2) பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி செய்கிறது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, பொதுநலம் கருதித் தனிநபர் சார்ந்த தகவலை வெளியிடலாம் என அங்கிருந்த வாசகத்தை நீக்கியது. பொதுநலத்தைக் கருதும் 8(2) பிரிவு நீடிக்கிறதாயினும், மறுப்பதற்கான வாயில் அகன்றுள்ளது. குடிமகனைப் பார்க்கும் அரசுக்கு விலக்கும், அரசைப் பார்க்கும் குடிமகனுக்குத் தடையும் ஒரே சட்டத்தில் அமைந்துள்ளன. இராஜகோபால் தீர்ப்பு வகுத்த பாகுபாடு இங்குத் தலைகீழாகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ் மரபில் கண்காணிப்பு முதன்மையாக அதிகாரத்தை நோக்கியதாகவும் சோதனைக்கு உட்பட்டதாகவும் கருதப்பட்ட சான்றுகள் உள்ளன. இரண்டாவது, கூட்டத்தின் மீதான ஐயம் எவ்வளவு நற்பெயர் சூடி வந்தாலும் அதன் இயல்பைப் பெருங்காமநல்லூர் காட்டிவிட்டது. மூன்றாவது, உரிமை தீர்ப்புகளில் வளர்ந்த அளவுக்கு நிர்வாகத்தில் வேரூன்றவில்லை.

இதற்கான தீர்வு தில்லியில் இயற்றப்படும் சட்டத்தில் மட்டும் இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகளின்படித் தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் அமைகின்றன. செம்பாக்கத்தின் ஒவ்வொரு தெருவிலும் உள்ள படக்கருவி யாருடையது, அதன் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் எதற்காகப் பார்த்தனர், முக அடையாளமறிதலோடு இணைக்கப்பட்டுள்ளதா என்னும் நான்கு வினாக்களை அச்சபைகள் எழுப்பலாம். விடைகளைப் பதிவேடாக மக்கள்முன் வைக்கக் கோரலாம். கோயில் பொருளைக் கையாண்டோரைக் கண்காணி செய்தவர் இருந்த நாட்டில், மக்களின் முகங்களைக் கையாளுவோரைக் கண்காணி செய்யவும் ஆள் வேண்டும். அப்பொறுப்பை மக்கள் மன்றங்கள் ஏற்கும்போதுதான் அச்சொல் தன் பழைய பொருளைத் திரும்பப் பெறும்.