பதினைந்து வயதுத் தோழமை

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது, மஹல்லாவாசி ஒருவர் நம் கையைப் பிடித்துக் கொண்டார். "ஹஜ்ரத், மகனுக்குப் பதினைந்து வயதாகிறது. ஆறு மாதமாய் ஆளே மாறிவிட்டான். நடை மாறிவிட்டது, முடிவெட்டு மாறிவிட்டது. சிரிப்புக்கூட அவனுடைய சிரிப்பாக இல்லை. எல்லாம் ஒரு கூட்டாளியால் வந்தது. அந்தச் சிநேகம் முறிய ஏதாவது ஓதித் தாருங்கள்" என்றார்.

"அந்தக் கூட்டாளியின் பெயர் என்ன பாய்?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய அச்சத்தை நாம் குறை கூற மாட்டோம். மறுமையில் அநியாயக்காரன் கைகளைக் கடித்துக் கொண்டு, இன்னவனைத் தோழனாக்கிக் கொண்டோமே என்று புலம்புவதைத் திருமறையின் 25-வது அத்தியாயம் கூறுகிறது. இது உக்பா இப்னு அபீ முஐத் குறித்து இறங்கியது என விரிவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்களிடம் சற்றே நெருங்கி வந்தவன், தோழன் கடிந்து கொண்டான் என்பதற்காகப் பழையபடி பகைவனானான். குறைஷித் தலைவனுக்கே இந்தக் கதி என்றால், மீசை அரும்பும் பிள்ளை எம்மாத்திரம்? வீட்டில் அவன் இன்னாருடைய மகன், இன்னாருடைய தம்பி. தோழர்களிடையேதான் அவன் அவனாக நிற்கிறான். 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடையை அங்கேதான் தேடுகிறான்.

ஹிஜ்ரி 3-ம் ஆண்டு உஹதுப் போருக்குப் படை புறப்பட்டது. சிறுவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். பதினான்கு வயதான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் அகழ்ப் போரில்தான் கிடைத்தது. உஹதில் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) என்ற பதினைந்து வயதுப் பிள்ளை உயரமாகத் தெரிய வேண்டுமென்று எக்கி நின்றார். அவர் நல்ல அம்பெய்வாளர் என்று சொல்லப்பட்டதும் அனுமதிக்கப்பட்டார். அதே வயதுடைய ஸமுரா (ரலி) அவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. "மல்யுத்தத்தில் நான் அவனை வீழ்த்துவேனே!" என்று வளர்ப்புத் தந்தையிடம் முறையிட்டார். அந்தத் தந்தை, 'சும்மா இரு' என்று அதட்டவில்லை. பிள்ளையின் முறையீட்டைப் பெருமானார் (ஸல்) அவர்களிடமே கொண்டு போனார். படை புறப்படும் அந்த அவசரத்திலும் இருவரையும் மல்லுக்கு நிற்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸமுரா வென்றார். இருவரும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். பிற்காலத்தில் இருவருமே நபிமொழிகளை அறிவித்த சஹாபிகள் ஆனார்கள்.

சகாவோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வயதின் இயல்பு. அதை இழிவாக எண்ணாமல், அதற்கு ஒரு களம் அமைத்துக் கொடுத்தார்கள் பெருமானார். நாமோ பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, அவன் யாரோடு ஒப்பிட்டுக் கொள்கிறான் என்பதைக்கூட விசாரிப்பதில்லை.

கஸ்தூரி வியாபாரியையும் துருத்தி ஊதும் கொல்லனையும் உவமை காட்டும் நபிமொழியைப் பெற்றோர் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். எப்போதும் அந்த இன்னொரு பையன்தான் கொல்லன். அவன் வீட்டில் நம் பிள்ளையைப் பற்றி என்ன பேசிக் கொள்கிறார்களோ, யார் கண்டது!

அந்த பாய்க்கு நாம் எதுவும் ஓதித் தரவில்லை. கூட்டாளியை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள் என்றோம். முகம் சுளித்தார். இரண்டு ஜும்ஆ கழித்து அவரே வந்தார்.

"தகப்பன் இல்லாத பிள்ளை ஹஜ்ரத். மோட்டார் பட்டறையில் வேலை பழகுகிறான். என் மனைவி கையால் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் இரண்டு பேரும் மொட்டை மாடியில் சிகரெட் பிடிப்பதும் இப்போதுதான் தெரிந்தது."

அவர் குரலில் கோபம் இருந்தது. முன்பிருந்த திகில் இல்லை. நாளை அஸருக்குப் பின் இருவரையும் பள்ளிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.